‘மூடியவை’ பத்தியில் நாலு வரி

அந்தப் பத்திரிகையை இதுவரை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. வியாழக்கிழமை காலையில் ரயில் நிலைய வாசலிலும், முடிதிருத்தும் கடைகளிலும், அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பக்கத்திலும் கம்பித் தட்டுகளில் கட்டுக்கட்டாக உட்கார்ந்திருக்கும். போகிறவர் வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தெருவில் புதிதாக என்ன சாப்பிடக் கிடைக்கிறது, எந்தக் கடையில் காப்பி நுரை கலையாமல் நிற்கிறது, கையகல பால்கனியில் எப்படித் தோட்டம் போடுவது, ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று நகரத்தில் இருக்கிறவர்களுக்கே நகரத்தில் இருக்கச் சொல்லிக்கொடுக்கிற பத்திரிகை. பளபளவென்ற தாள். படித்து முடித்தவர்கள் அதை நனைந்த செருப்புக்குள் திணித்து வைப்பார்கள். தண்ணீரை உறிஞ்சாத தாள் என்று பிறகுதான் தெரியும்.

மகள் அங்கே ஒன்பது வருடமாகப் பக்கம் அமைக்கிறாள். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, ஆறு பேர், எப்போதும் ஏதாவது ஒன்று வேலை செய்யாத மூன்று கம்ப்யூட்டர். எழுதுகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், படம் எடுக்கிறவர் படம் கொடுப்பார். அதையெல்லாம் விளம்பரங்களுக்கு நடுவே இடம் கண்டுபிடித்து உட்காரவைப்பது அவள் வேலை. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒடுக்கமாக ஒரு பத்தி உண்டு. மேல்பாதிக்கு ‘திறந்தவை’ என்று தலைப்பு, கீழ்ப்பாதிக்கு ‘மூடியவை’. புதிதாக வந்த உணவகங்கள் மேலே, பூட்டிக்கொண்டு போனவை கீழே. அதை எழுதவென்று ஆள் கிடையாது. வருகிற கடிதங்களிலிருந்தும், விளம்பரம் பிடிக்கப் போகிறவர்கள் காதில் விழுந்ததிலிருந்தும் அவளே பொறுக்கிப் போட்டுவிடுவாள். மேடம் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆசிரியர் அந்தப் பத்தியைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

அவள் வீட்டிலும் சாப்பாட்டுத் தொழில்தான். பஸ் பணிமனைக்கு எதிரே கீழே கடை, மேலே வீடு. பத்து மேசை. மதியமும் சாயங்காலமும் சோறு, கறி, வறுத்த மீன், எலும்பு சூப். அப்பாவுக்கு அந்தத் தெருவில் ‘சிரிப்பு முதலாளி’ என்று பெயர். வாசலில் நின்று, வருகிறவர்களை அவர்கள் பிள்ளைகளின் பெயர் வரைக்கும் ஞாபகம் வைத்து விசாரிப்பார். பொண்ணுக்குச் சளி விட்டுதா, மாமியார் ஊருக்குப் போயாச்சா, அந்த வீட்டு ஓனர் கூரையைச் சரிபண்ணினானா. அவர் விசாரிக்கிற விசாரிப்பிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும் என்பார்கள். கெட்ட மனுஷர் இல்லை. கை நனையாத மனுஷர்.

அம்மா பின்னால் இருந்தாள். சமையல்கட்டுக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவே சுவர், சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜன்னல். நிறைந்த தட்டு அது வழியாக வெளியே போகும், காலித் தட்டு உள்ளே வரும். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரிவது முழங்கைவரைக்கும் இரண்டு கை. இருபத்தாறு வருடமாகச் சாப்பிட்டவர்கள்கூட அந்த அம்மாளைத் தெருவில் பார்த்தால் யாரோ என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

காலை ஐந்தரைக்கு எலும்பை அடுப்பில் ஏற்றுவாள். அது கொதித்து நுரை தள்ளும்போது வெங்காயம். பிறகு மீனைச் செதிள் எடுத்துக் கழுவி உப்புத் தடவி வைப்பாள். பதினொன்றரைக்கு மூன்று அடுப்பும் எரிய ஆரம்பித்தால் மூன்று மணி வரைக்கும் அணையாது. தரை எப்போதும் ஈரம். வழுக்காமல் இருக்க ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நிற்பாள். மழைக்காலத்தில் புகை போகிற வழியாகவே சாரல் உள்ளே வரும். ஆவி வெளியே போகாமல் கூரையிலிருந்து சொட்டும். அம்மாவின் கழுத்தில் விழுவது வேர்வையா கூரைத் தண்ணீரா என்று அவளுக்கே தெரியாது.

கால் அரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது, ஒருநாள் வெடித்தது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண் ஆனபிறகு மகள் இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க ஒரு நாளைக்கு?"

"அப்பப்போ உக்காருவேன்."

"பொய் சொல்றா டாக்டர். பதிமூணு மணி நேரம்."

டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் மேல ஏறாம காலிலேயே தேங்குது. மருந்து நான் எழுதித் தரேன், ஆனா மருந்தால இது ஆறாது. உக்காந்தாத்தான் ஆறும். காலைத் தூக்கி வச்சு உக்காரணும். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மகள் அப்பாவிடம் சொன்னாள். அவர் காதுகொடுத்துக் கேட்டார். முகமும் வாடித்தான் போயிற்று.

"பாவம்தான். நான் என்ன கண்ணில்லாதவனா? ஆனா கடையை எப்படிம்மா திடீர்னு நிறுத்துறது? இந்த மழை முடியட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"போன வருஷம் புண்ணு இல்லையே."

"ஒரு ஆளைப் போடுங்க அப்பா."

"ஆளா?" அவர் சிரித்தார். "உங்கம்மா கை யாருக்கு வரும்? வேற ஒருத்தன் சமைச்சா ஒரே வாய்ல கண்டுபிடிச்சுடுவாங்க. அடுத்த நாள் ஒருத்தன் வரமாட்டான்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. குழாயைக் கொஞ்சம் மூடிவிட்டுக் கேட்டாள் என்பது மகளுக்குப் பட்டது. பிறகு தண்ணீர் பழையபடி கொட்டியது.

பத்திரிகை அச்சுக்குப் போவது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ‘மூடியவை’யிலிருந்து ஒரு கடை கழன்றுகொண்டது. மூடவில்லை, பங்காளிகள் சமாதானமாகிவிட்டார்கள் என்று போன் வந்தது. பத்தியின் அடியில் நாலு வரிக்கு வெள்ளையாக நின்றது. மகள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அம்மா மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு முறை நின்று இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். விரல் தானாக அடிக்க ஆரம்பித்தது.

பஸ் பணிமனைக்கு எதிரே இருபத்தாறு ஆண்டுகளாகச் சோறு போட்டுவந்த பத்து மேசைக் கடை இந்த மாதத்தோடு மூடுகிறது, சமைத்த கைக்கு இனி ஓய்வு என்று எழுதினாள். மூன்றரை வரிதான் வந்தது. பத்தியின் அடியில் அரை வரி ஓட்டையாக நின்றால் மேடத்துக்கு ஆகாது. ‘கடைசியாக ஒரு முறை சாப்பிட்டுவிடுங்கள்’ என்று சேர்த்தாள். நாலு வரி கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்தை அனுப்பிவிட்டாள்.

அவள் போட்ட கணக்கு ரொம்பச் சாதாரணமானது. வீடு சொன்னால் அப்பா காதில் ஏறாது, ஊர் சொன்னால் ஏறும். வருகிறவர்கள் நாலு பேர், "மூடப்போறீங்களாமே, அம்மாவுக்கு முடியலையா?" என்று கேட்டால் அந்தச் சங்கடத்திலாவது பேச்சு ஆரம்பிக்கும். அவ்வளவுதான் எதிர்பார்த்தாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு அப்பா போன் செய்தார்.

"உங்க ஓசிப் பத்திரிகைல என்னத்தைப் போட்டு வச்சிருக்காங்க? எவன் எழுதினான்?"

"எதைப்பா?"

"நான் கடையை மூடுறேனாம். எனக்கே தெரியாம. வர்றவன் எல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டுத் துக்கம் விசாரிக்கிறான்."

"தப்பா வந்திருக்கும். விசாரிக்கிறேன்."

"விசாரி. எவனா இருந்தாலும் நேர்ல வரச் சொல்லு." அதற்குள் அவர் குரல் வேறு பக்கம் திரும்பியது. "வாங்க சார், வாங்க. எத்தனை வருஷம் ஆச்சு பாத்து. உள்ள இடம் இருக்கு, வாங்க."

அவள் சாயங்காலம் திரும்பியபோது மழையில் குடை பிடித்துக்கொண்டு கடை வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்கள். பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற டிரைவர்கள், எதிர்க் கட்டடத்தில் முன்பு வேலை பார்த்த பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பதிகள். பத்து வருடமாக எட்டிப்பார்க்காதவர்கள் எல்லாம் கண்கலங்க வந்திருந்தார்கள். பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார் ஒருவர். வெள்ளிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்காயிற்று. இதுவரை அந்தத் தெருவுக்கே வராத இளவட்டங்கள் வந்து, மூடப்போகிற கடையில் சாப்பிடுகிறோம் என்று தட்டோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பரிமாறுகிற நெட்டையர் அந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து ஓடியதில்லை, அன்றைக்கு ஓடினார்.

முதல் நாள் முழுக்க அப்பா எல்லோரிடமும், "அய்யோ, அதெல்லாம் தப்புச் செய்தி, நாங்க மூடலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், "பாக்கலாம்" என்றார். மூன்றாம் நாள் யாராவது கேட்டால் வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, "எல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்றார். அந்தப் பெருமூச்சு நன்றாக வந்தது. நாலாம் நாள் அதற்கு மெருகு ஏறியிருந்தது.

மகள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையல்கட்டில் நின்றாள். வெங்காயம் உரித்தாள், தட்டுக் கழுவினாள். அம்மா அந்தப் பலகையிலிருந்து இறங்கவே இல்லை. எலும்புப் பானையை இரண்டு முறை ஏற்ற வேண்டியிருந்தது. காலையில் சுற்றிய வெள்ளைக் கட்டு மத்தியானத்துக்குள் மஞ்சளாகி, ஈரம் செருப்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

"கொஞ்சம் உக்காரும்மா. நான் மீனைத் திருப்புறேன்."

"நீ திருப்பினா உடையும். தள்ளு."

மேடமே வந்தாள், படம் எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு. சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு மகளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க கடைன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ. அந்தச் செய்தியை யார் கொடுத்தா?"

"கடிதம் வந்தது மேடம். யாருன்னு தெரியல."

"யாரா இருந்தா என்ன. நிஜமா மூடுறாங்களா?"

"இல்லன்னு அப்பா சொல்றார்."

"அப்போ இன்னும் நல்லது. ஜனங்க வந்து காப்பாத்திட்டாங்க. ரெண்டு பக்கம் போடலாம். அப்பா முகம் படத்துக்கு நல்லா வருது. அடுத்த இதழ் வேண்டாம், ஒரு மாசம் போகட்டும். கூட்டம் நிக்குதான்னு பாத்துட்டு எழுதுறேன். இன்னும் ரெண்டு வாட்டி வந்து சாப்பிடுறேன்."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் கூட்டம் ஓய்ந்தது. அம்மா எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, காலைக் காய்கறிக் கூடைமேல் தூக்கி வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். மகள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெளியே அப்பா யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அம்மா. அந்த நாலு வரி நான்தான் எழுதினேன்."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "நீயா?" என்றாள்.

"உனக்காகத்தான். இப்படி ஆகும்னு நினைக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னுவே."

"வேண்டாம்னு சொல்ல எனக்கும் வாய் இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல?" அம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் மகளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உங்கப்பா என்னைக் கேக்காம கடையைத் திறந்தார். நீ என்னைக் கேக்காம மூடுறே."

"நீ நிறுத்தணும்னு நினைச்சதே இல்லையா?"

"நினைக்காம என்ன. கூட்டமில்லாத நாளா ஒண்ணு பாத்து, கரண்டியைக் கழுவி மாட்டிட்டு மேல போயிடலாம்னு நினைச்சிருக்கேன். யாருக்கும் சொல்லாம. சொன்னாத்தானே ஆளாளுக்குப் பேசுவாங்க." காலைக் கூடையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். "இப்போ இத்தனை பேர் வந்து கைதட்டிட்டு நிக்கிறாங்க. இப்போ எப்படிடி போவேன்?"

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதே. அவர் ரொம்ப சந்தோஷமா இருக்கார். உன்னையும் பாராட்டுவார். அதை என்னால பாக்க முடியாது."

டின்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒன்றே காலுக்கு ஜன்னலில் ஒரு தட்டு கவிழ்ந்தது. சோறும் கறியும் சாப்பிடுகிற பக்கம் வழிந்தது. நெட்டையர் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்து, "அக்கா" என்றார். பிறகு, "முதலாளி, அக்கா விழுந்துட்டாங்க" என்றார். மகள் அவளைத் திருப்பியபோது உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. முட்டிவரைக்கும் கால் சிவந்து வீங்கிப் பளபளத்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். புண் வழியாக விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இரண்டு நாள் தாமதித்திருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார்கள். அப்பா அழுதார். நிஜமாகவே அழுதார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தி அழுதார். மூன்று மாதம் தரையில் கால் ஊன்றக்கூடாது என்று உத்தரவு. கடைக்கு மேலே இருக்கிற வீட்டுக்குச் செங்குத்தாக இருபத்திரண்டு படி. அதனால் சித்தி தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. நகரத்தின் மறுகோடியில் தரைத்தளத்து வீட்டில் தனியாக இருந்துகொண்டு, ஜன்னல் திரை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். கை ஓடுகிற அளவுக்கு வாய் ஓடாதவள்.

கடை அரை நாள்தான் மூடியிருந்தது.

புதன்கிழமை காலையிலேயே நெட்டையர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏதோ தொழிற்சாலைக் கேண்டீனில் பதினைந்து வருடம் சமைத்தவர், கேண்டீன் போனபிறகு சும்மா இருந்தார். நாற்பத்தைந்து வயது, பெருத்த உடம்பு, வேலை செய்யும்போது மெல்லிய குரலில் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். எலும்பு ஐந்தரைக்கு வேண்டாம் எட்டுக்கு ஏற்றினால் போதும் என்றார். சூப்பில் பாக்கெட் பொடி ஒன்றைத் தட்டினார். மீனை உப்புத் தடவி ஊறவைக்கவெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிவது முழங்கைவரைக்கும்தான் என்பதால் அப்பா அவரை முழுக்கைச் சட்டை போடச் சொன்னார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. யாரும் கையைப் பார்க்கவில்லை.

முதல் வாரம் அப்பா வாசலில் நிற்கிறபோதெல்லாம் அவர் கண் மேசைகள் மேல்தான் இருந்தது. யாராவது முகம் சுளிக்கிறார்களா, யாராவது தட்டில் மிச்சம் வைக்கிறார்களா. இரண்டாம் வாரம் அந்தப் பார்வை நின்றுவிட்டது. கூட்டம் முதல் நாள் அளவுக்கு இல்லை, பழைய அளவுக்கு இரண்டு மடங்கு இருந்தது. வழக்கமாக வருகிற ஒரு டிரைவர் கைகழுவிக்கொண்டே, "வீட்டுல அம்மாகிட்ட சொல்லுங்க முதலாளி, இன்னிக்கு சூப்பு பிரமாதம்" என்றார். "சொல்றேன்" என்றார் அப்பா. மகள் அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவளும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஏதோ ஒன்று குறைந்த மாதிரித்தான் இருந்தது. குறைந்தது சூப்பிலா, உள்ளே நிற்பது யார் என்று தனக்குத் தெரிந்திருப்பதாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இன்னொரு வாய் வைத்தாள். அதற்குமேல் வைக்கப் பயமாக இருந்தது.

மேடம் எழுதிய கட்டுரை ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மகள் மேசைக்கு வந்தது. ‘நீங்கள் காப்பாற்றிய கடை’ என்று தலைப்பு. அப்பா கை இரண்டையும் விரித்துச் சிரிக்கிற படம் பக்கம் முழுக்க. மகள் அதை இரண்டு பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் பத்தியில் நின்றாள். எழுந்து மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், இந்த ஒரு இடம் மட்டும்."

"எது?"

"‘மூன்று முறை சாப்பிட்டேன். இருபத்தாறு வருடத்தின் பக்குவம் மூன்று முறையும் ஒரு துளி மாறவில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கைக்கு வணக்கம்.’"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நீங்க கடைசி ரெண்டு வாட்டி சாப்பிட்டது அவங்க சமைச்சது இல்ல. வேற ஆள்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். பிறகு, "ஆனா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்றாள். "நான் இருபது வருஷமா ருசி பாத்து எழுதுறவ. எனக்கே தெரியலைன்னா படிக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது? அம்மா சொல்லிக்கொடுத்துத்தானே அவர் செய்றார்?"

"இல்ல மேடம். அவங்க ரெண்டு பேரும் பாத்ததே இல்ல."

"அதை எழுதினா உங்க அப்பாவுக்குத்தான் கஷ்டம். யோசிச்சுப் பாரு. அப்புறம் முதல்ல வந்த செய்தியை யார் கொடுத்தான்னு கேள்வி வரும். அதையும் யோசி."

அவள் எவ்வளவு தெரிந்து அதைச் சொன்னாள் என்பது மகளுக்குப் புரியவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். மூன்றாம் பத்தி இரண்டு சொல் நீளமாக இருந்து அடுத்த பத்திக்கு வழிந்தது. ‘ஒரு துளி’ என்பதை எடுத்தாள். சரியாக உட்கார்ந்தது. மறுநாள் மத்தியானம் அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனபோது அப்பா ஏற்கெனவே வந்திருந்தார். கொஞ்சம் பழம், அம்மாவுக்கு ஒரு புதுச் செருப்பு, கையில் பத்திரிகை ஐந்து பிரதி. அம்மா ஜன்னலோரக் கட்டிலில், காலுக்கு அடியில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன. வெந்நீரும் உப்பும் சூடும் இல்லாமல் ஐந்து வாரத்தில் அந்தக் கை வெளுத்து, வேறு யாருடைய கை மாதிரியோ ஆகியிருந்தது. அறையின் மறுபக்கம் சித்தியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா நன்றாகப் பேசினார். கேண்டீன்காரர் முனகுகிறதைப் போலச் செய்து காட்டினார். அம்மாகூடச் சிரித்தாள். போகும்போது கட்டிலோரம் நின்று அவள் தலையைத் தடவி, "நீ நல்லா ஆறி மெதுவா வா. அவசரமே இல்ல" என்றார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "அவசரமில்லையா?" என்றாள்.

"இல்லவே இல்ல. கடையை நான் பாத்துக்கிறேன். நீ அதை நினைச்சுக் கவலைப்படாதே."

அவர் போனபிறகு அம்மா பத்திரிகையை மகளிடம் நீட்டினாள். "கண்ணாடி கடையிலேயே இருக்கு. படி."

"அப்புறம் படிக்கலாம்மா."

"படி. உன் பத்திரிகைதானே."

மகள் படித்தாள். அப்பாவின் சிரிப்பைப் பற்றி, மழையில் குடையோடு நின்றவர்களைப் பற்றி. மூன்றாம் பத்தி வந்ததும் தாண்டிவிடலாம் என்று கண்ணை அடுத்த பத்திக்கு நகர்த்தினாள். சொல் தடுக்கிற்று.

"எதையோ விட்டுட்டே."

"இல்லம்மா."

"பக்கம் போடுறவளுக்குப் படிக்கத் தெரியாதா? முழுசாப் படி."

படித்தாள். மூன்று முறை சாப்பிட்டதை, பக்குவம் மாறாததை, கைக்குச் சொன்ன வணக்கத்தை. சித்தியின் கால் மிஷினில் நின்றது.

"எப்போ வந்து சாப்பிட்டாங்க அந்தம்மா?"

"நீ இருந்தப்போ."

"மூணு வாட்டியுமா?"

மகள் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தாள். பொய் சொல்ல வரவில்லை.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தங்கை பக்கம் திரும்பினாள்.

"நம்ம அம்மா போன அன்னிக்கு உனக்கு ஞாபகம் இருக்கா?"

சித்தி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கு" என்றாள்.

"பத்து மணிக்கு அடக்கம் பண்ணினோம். பத்தரைக்கு நான் பஸ் ஏறிட்டேன். நீ வாசல்ல தனியா நின்னுட்டிருந்தே. உன் தோள்ல கைவைக்கக்கூட எனக்கு நேரமில்ல. பன்னிரண்டுக்கு ஆளுங்க வந்துடுவாங்க, வேற யார் சமைச்சாலும் ஒரே வாய்ல கண்டுபிடிச்சுடுவாங்கன்னு உங்க அத்தான் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஓடினேன்."

சித்தி துணியின் ஓரத்தை மடித்தாள்.

"அன்னிக்கு யார் வேணும்னாலும் சமைச்சிருக்கலாம்" என்றாள் அம்மா.

சித்தி நூல் அறுந்ததா என்று குனிந்து பார்த்தாள், அறுந்திருக்கவில்லை. ஊசியைத் துணிமேல் இறக்கி, பழையபடி தைக்க ஆரம்பித்தாள்.